கொஸ்டின் டேக் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலம் சொல்லித்தருபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொஸ்டின் டேக் பற்றிய புலம்பல் வந்தே தீரும். பள்ளி ஆசிரியர்கள், வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துபவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் தந்ததற்குக் காரணம் உண்டு. டேக் என்பது வாயில் வரவேண்டிய விஷயம். கண்ணால் மட்டும் படித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. கொஸ்டின் டேக்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, அதன் வாலில் இரண்டு சொல்லில் ஒரு சின்னக் கேள்வியை ஒட்டுவது. "இட் இஸ் ஹாட், இஸன்ட் இட்?" நாம் "வெயில் கொளுத்துது, இல்ல?" என்போமே, அதேதான். எதிரில் இருப்பவரைப் பேச்சுக்குள் இழுப்பதுதான் இதன் முதல் வேலை. தகவல் கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்த வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள். வாயில் மட்டும் ஒருநாளும் வராது.

2. விதியை எப்படிச் சொன்னா மண்டையில ஏறும்?

மூன்று வேலைகள். வாக்கியத்தில் ஹெல்பிங் வெர்ப், அதாவது இஸ், கேன், ஹேவ் போன்ற துணைவினை, எது என்று பார். அது பாசிட்டிவாக இருந்தால் நெகட்டிவாகவும், நெகட்டிவாக இருந்தால் பாசிட்டிவாகவும் திருப்பு. எழுவாய்க்கு உரிய ப்ரோனவுனை, அதாவது பெயருக்குப் பதில் வரும் ஹீ, ஷி, தே போன்ற சொல்லை, பக்கத்தில் வை. "ரவி கேன் ஸ்விம், கான்ட் ஹீ?" "த கேர்ள்ஸ் வேரன்ட் லேட், வேர் தே?"

மூன்றில் அதிகம் சறுக்குவது கடைசிதான். "ரவி கேன் ஸ்விம், கான்ட் ரவி?" என்று பெயரையே திரும்பப் போடுவார்கள். டேக்கில் பெயருக்கு இடமில்லை. இன்னொன்று, நெகட்டிவை எப்போதும் சுருக்கித்தான் சொல்ல வேண்டும். "இஸ் நாட் ஹீ?" என்று யாரும் பேசுவதில்லை. "இஸ் ஹீ நாட்?" என்பது உண்டு, ஆனால் மேடைப்பேச்சு வாடை அடிக்கும்.

3. "ஷி சிங்ஸ் வெல்"னு இருந்தா அதுல ஹெல்பிங் வெர்ப்பே இல்லையே. எதைத் திருப்புறது?

இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. அதே வாக்கியத்தை முதலில் நேர்க் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள்: "டஸ் ஷி சிங் வெல்?" ஒளிந்திருந்த "டஸ்" வெளியே வந்துவிட்டது. இனி "ஷி சிங்ஸ் வெல், டஸன்ட் ஷி?" கேள்வி கேட்கத் தெரியாத மாணவனுக்கு டேக் நடத்துவதில் பலனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். டேக்கில் தடுமாறுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான தடுமாற்றம் டூ, டஸ், டிட் மூன்றிலும்தான்.

ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: "ஷி புட் த கீ ஹியர்." டேக் என்ன? "டஸன்ட் ஷி" என்று பாதி வகுப்பு சொல்லும். நிகழ்காலமாக இருந்தால் "புட்ஸ்" என்று ஒரு எஸ் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எனவே இறந்தகாலம்: "டிடன்ட் ஷி?" கட், ஹிட், ஷட் எல்லாமே இந்த ரகம். இதே இடத்தில் ஷி-க்குப் பதில் தே வந்தால் இரண்டு காலமும் சாத்தியம். அதை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுமையாக இருங்கள். அன்றைக்கு வகுப்பு களைகட்டும்.

4. என் ஸ்டூடன்ட்ஸ் எதுக்கெடுத்தாலும் "இஸன்ட் இட்?" போடுறாங்க. எப்படி நிறுத்துறது?

ஏன் போடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். தமிழில் "இல்லையா?" என்ற ஒன்று போதும். நீ வந்தாலும், அவள் பாடினாலும், அவர்கள் நேற்றே போயிருந்தாலும் அது மாறுவதில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளிலும் இப்படி மாறாத சொற்கள்தான் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் வாலை மாற்றும் ஆங்கிலம்தான் இங்கே விநோதம். அதனால் "யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?" என்று ஒரு பையன் சொன்னால் அவனை முட்டாளாக்காதீர்கள். லண்டன் தெருக்களில் "இன்னிட்" என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் "இஸ் இட்?" அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் பரீட்சைத்தாளிலும் வேலைக்கான நேர்காணலிலும் அது பிழையாகத்தான் கணக்காகும். நிறுத்த எளிய வழி, எழுவாயாக "இட்" வராத வாக்கியங்களை மட்டும் கொடுத்து வாய்ப்பயிற்சி நடத்துவது. யூ, தே, வீ இந்த மூன்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டுங்கள். "ஆரன்ட் யூ", "டோன்ட் தே" எல்லாம் ஒரே சொல்போல நாக்கில் உட்கார வேண்டும். விதியை யோசித்து யோசித்துச் சொல்லும் வரை "இஸன்ட் இட்" போகாது, ஏனென்றால் யோசிக்க நேரம் இல்லாதபோது அதுதான் முதலில் கைகொடுக்கிறது.

5. அப்போ "ரைட்?"னு முடிச்சுக்கலாமே. அமெரிக்காக்காரங்க அப்படித்தானே பேசுறாங்க?

பேச்சில் தாராளமாக முடிக்கலாம். அமெரிக்கர்கள் பிரிட்டிஷ்காரர்களைவிட இந்த டேக்குகளை மிகக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. தொடக்க நிலை மாணவனுக்கு "ரைட்?" ஒரு நல்ல ஊன்றுகோல். ஆனால் காதில் கேட்கும்போது புரிய வேண்டுமே! சினிமாவிலும் கிரிக்கெட் வர்ணனையிலும் டேக் வந்துகொண்டேதான் இருக்கும். சொல்லாவிட்டாலும் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது நடத்தியாக வேண்டும்.

6. குரல் ஏத்தணுமா, இறக்கணுமா? புத்தகத்துல ஒண்ணுமே இல்லையே.

புத்தகம் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதி அர்த்தம் குரலில்தான் இருக்கிறது. டேக்கில் குரல் ஏறினால் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை, நீ சொல் என்று பொருள். இறங்கினால் எனக்குத் தெரியும், நீ ஆமாம் சொன்னால் போதும் என்று பொருள். பஸ் ஸ்டாண்டில் "திஸ் பஸ் கோஸ் டு மதுரை, டஸன்ட் இட்?" என்று குரலை ஏற்றிக் கேட்டால் வழி தெரியாதவர். அதையே பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறக்கிச் சொன்னால் பேச்சுத்துணை தேடுபவர்.

வகுப்பில் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொல்லி, ஏறினால் கையை உயர்த்து, இறங்கினால் கையைக் கட்டு என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் போதும். எழுத்துப் பயிற்சிக்கு முன்பே இதைச் செய்துவிடுவது என் வழக்கம்.

7. டேக் எல்லாம் சரியா போடுறான். ஆனா பதில் சொல்லும்போது தலைகீழா சொல்றான். ஏன்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். டேக் போடுவதைவிடப் பதில் சொல்வதில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

"நீ சாப்பிடலதானே?" என்று கேட்டால், சாப்பிடாதவர் "ஆமா, சாப்பிடல" என்பார். நீ சொன்னது சரி என்று கேட்டவருடன் ஒத்துப்போகிறது நம் "ஆமா". ஜப்பானியர், கொரியர்களும் இப்படித்தான். ஆங்கிலத்தின் யெஸ், நோ கேட்டவரைப் பார்ப்பதே இல்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். "யூ ஹேவன்ட் ஈட்டன், ஹேவ் யூ?" என்றால் சாப்பிடாதவர் "நோ, ஐ ஹேவன்ட்", சாப்பிட்டவர் "யெஸ், ஐ ஹேவ்." சாப்பிடாதவர் "யெஸ்" என்று தலையாட்டினால், விருந்துக்கு அழைத்தவர் இவர் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார். விருந்தோடு போனால் பரவாயில்லை. வெளிநாட்டு மருத்துவமனையில் "யூ ஆரன்ட் அலர்ஜிக் டு பெனிசிலின், ஆர் யூ?" என்று கேட்கும்போதும், விசா நேர்காணலில் "யூ ஹேவன்ட் பீன் ரெஃப்யூஸ்ட் பிஃபோர், ஹேவ் யூ?" என்று கேட்கும்போதும் வெறும் "யெஸ்" என்ன பாடு படுத்தும் என்று மாணவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி ரொம்ப எளிது. ஒரு கறுப்பு மார்க்கரைத் தூக்கிப் பிடியுங்கள். "திஸ் இஸ் ப்ளாக், இஸன்ட் இட்?" பதில்: "யெஸ், இட் இஸ்." இப்போது "திஸ் இஸன்ட் ப்ளாக், இஸ் இட்?" வகுப்பு குழம்பும். மார்க்கர் மாறவில்லையே, பதில் மட்டும் ஏன் மாற வேண்டும்? இப்போதும் "யெஸ், இட் இஸ்"தான். அடுத்து சிவப்பு மார்க்கரைப் பிடித்துக்கொண்டு அதே இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் "நோ, இட் இஸன்ட்." கேள்வியைப் பார்க்காதே, மார்க்கரைப் பார் என்பது பிடிபட்டுவிட்டால் பாடம் முடிந்தது. கூடவே ஒரு கட்டாயம் வையுங்கள்: வெறும் யெஸ், நோ கூடாது, பின்னால் வினையும் வர வேண்டும். "யெஸ், ஐ ஹேவன்ட்" என்று வாய் தவறினாலும் அவர்கள் காதே அவர்களைத் திருத்திவிடும்.

8. "ஐ ஆம் லேட்"டுக்கு "ஆரன்ட் ஐ"யாம். இதென்ன அநியாயம்? பசங்க சிரிக்கிறாங்க.

சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். "ஆம் நாட்" என்பதற்கு இன்று பொதுவான ஆங்கிலத்தில் சுருக்கம் இல்லை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் "ஆம்ன்ட் ஐ" இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் "ஆரன்ட் ஐ" அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. "ஆம் ஐ நாட்?" தப்பில்லை, விறைப்பாக இருக்கும். நெகட்டிவ் வாக்கியத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது: "ஐ ஆம் நாட் லேட், ஆம் ஐ?"

9. "ஹி நெவர் கம்ஸ்"ல நாட்டே இல்லையே, அப்புறம் ஏன் "டஸ் ஹி"?

நாட் இல்லாமலே நெகட்டிவ் ஆக்கும் சொற்கள் ஒரு கூட்டம் இருக்கின்றன: நெவர், ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, ரேர்லி, செல்டம், நோபடி, நத்திங். இவை வந்தால் டேக் பாசிட்டிவ். பரீட்சையில் ஃப்யூ, லிட்டில் இரண்டையும் வைத்துத்தான் கவிழ்ப்பார்கள். "ஃப்யூ பீப்பிள் கேம், டிட் தே?" என்றால் வந்தவர்கள் இல்லையென்றே சொல்லிவிடலாம். முன்னால் ஒரு "எ" சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. "எ ஃப்யூ பீப்பிள் கேம், டிடன்ட் தே?" கொஞ்சம் பேராவது வந்தார்கள்.

இதைப் படித்த சுறுசுறுப்பான மாணவன் "ஷி இஸ் அன்ஹேப்பி"யும் நெகட்டிவ் என்று முடிவு செய்துவிடுவான். இல்லை. அன், டிஸ் போன்ற முன்னொட்டுகள் அந்தச் சொல்லை மட்டும்தான் மறுக்கும், வாக்கியத்தை மறுக்காது. "ஷி இஸ் அன்ஹேப்பி, இஸன்ட் ஷி?"

10. எவ்ரிபடி, நோபடி, நத்திங், தேர்... இதுக்கெல்லாம் எந்த ப்ரோனவுன்?

எவ்ரிபடி, சம்படி, நோபடி மூன்றும் வினையில் ஒருமை. டேக்கில் மட்டும் "தே" ஆகிவிடும்: "எவ்ரிபடி ஹேஸ் கம், ஹேவன்ட் தே?" ஹேஸ் எப்படி ஹேவ் ஆனது என்று கேட்பார்கள். தே-க்குப் பொருந்த மாறியது, அவ்வளவுதான். நோபடி வந்தால் முந்தைய பதிலும் சேர்ந்துகொள்ளும்: "நோபடி கால்ட், டிட் தே?"

நத்திங், எவ்ரிதிங், திஸ், தேட் எல்லாவற்றுக்கும் "இட்". தீஸ், தோஸ் வந்தால் "தே". "தேர்" மட்டும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது: "தேர் இஸ் எ பேங்க் நியர்பை, இஸன்ட் தேர்?"

11. "லெட்ஸ் கோ"வுக்கு ஷல் வீ, "ஓபன் த டோர்"க்கு வில் யூ. இதை மனப்பாடம்தான் பண்ணணுமா?

ஆமாம். இரண்டே இரண்டு, மனப்பாடம் செய்தால் குடி முழுகிவிடாது. "டோன்ட் பி லேட்"டுக்கும் "வில் யூ"தான், திருப்பும் விதி இங்கே செல்லாது. உபசரிப்பில் "வோன்ட் யூ" வரும்: "சிட் டவுன், வோன்ட் யூ?" ஒரு எச்சரிக்கை: "ஓபன் த டோர், வில் யூ?" என்பதைச் சிடுசிடுப்பான குரலில் சொன்னால் அதட்டலாகிவிடும்.

12. "ஹி'ஸ்", "ஹி'ட்", ஹேவ், யூஸ்ட் டு வந்தா நானே தடுமாறுறேன். குறுக்கு வழி இருக்கா?

சுருக்கத்தை விரித்துப் பார்ப்பதுதான் வழி. "ஹி'ஸ் டயர்ட்" என்பது ஹி இஸ், அதனால் "இஸன்ட் ஹி?" "ஹி'ஸ் ஃபினிஷ்ட் ஹிஸ் ஹோம்வொர்க்" என்பது ஹி ஹேஸ், அதனால் "ஹேஸன்ட் ஹி?" "யூ'ட் பெட்டர் கோ"வில் ஒளிந்திருப்பது ஹேட், டேக் "ஹேடன்ட் யூ?" "யூ'ட் ராதர் ஸ்டே"யில் வுட், டேக் "வுடன்ட் யூ?" பெட்டர் என்றால் ஹேட், ராதர் என்றால் வுட்.

ஹேவ் ஹெல்பிங் வெர்ப்பாக இல்லாமல் தானே முழு வினையாக நின்றால் மூன்றாம் கேள்விக்குப் போங்கள்: "யூ ஹேவ் எ பைக், டோன்ட் யூ?" "வீ ஹேட் லஞ்ச், டிடன்ட் வீ?" பழைய பிரிட்டிஷ் வழக்கில் "யூ ஹேவ் எ பைக், ஹேவன்ட் யூ?" உண்டு. அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ஹேவ் டு-வும் யூஸ்ட் டு-வும் இதே வழிதான்: "யூ ஹேவ் டு கோ, டோன்ட் யூ?", "ஹி யூஸ்ட் டு ஸ்மோக், டிடன்ட் ஹி?"

13. "ஐ திங்க் ஹி இஸ் ரைட்"டுக்கு "டோன்ட் ஐ" போட்டேன். தப்புன்னுட்டாங்க.

விதிப்படி நீங்கள் செய்தது நியாயமே. ஆனால் நான் நினைக்கிறேனா இல்லையா என்று நானே அடுத்தவரிடம் கேட்பது கேலிக்கூத்து. உண்மையில் நான் சரிபார்க்க விரும்புவது அவன் சரியா என்பதை. எனவே "ஐ திங்க் ஹி இஸ் ரைட், இஸன்ட் ஹி?" எழுவாய் மாறினால் டேக் திங்க்கைப் பிடிக்கும்: "ஷி திங்க்ஸ் ஹி இஸ் ரைட், டஸன்ட் ஷி?"

"ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்" என்பதில் டோன்ட் முன்னால் வந்துவிட்டாலும் மறுப்பு "வில்" என்பதைச் சேர்ந்தது. அவன் வரமாட்டான் என்பதுதானே செய்தி? அதனால் "வில் ஹி?"

14. ஒரு படத்துல "ஸோ யூ ஆர் த நியூ மேனேஜர், ஆர் யூ?"னு கேட்டேன். திருப்பவே இல்லையே, தப்பா?

தப்பில்லை. இது வேறு சாதி டேக். இரண்டு பக்கமும் பாசிட்டிவாக இருந்தால் "ஓஹோ, நீதான் அந்தப் புது மேனேஜரா?" என்கிற தொனி. ஆர்வமாக இருக்கலாம், சந்தேகமாக இருக்கலாம், நக்கலாகவும் இருக்கலாம். குரல்தான் தீர்மானிக்கும். மாணவர்கள் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், பேசிப் பார்க்கச் சொல்ல வேண்டாம். நக்கல் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

15. மேலதிகாரிகிட்ட டேக் போட்டுப் பேசினா மரியாதைக் குறைவா?

டேக்கைப் பொறுத்தது. "யூ காட் மை மெயில், டிடன்ட் யூ?" என்று குரலை இறக்கிச் சொன்னால் குறுக்கு விசாரணைபோல ஒலிக்கும். அது வெறும் பிரமையல்ல. பதிலை வாயில் ஊட்டும் இந்த மாதிரிக் கேள்விகளை, தன் தரப்புச் சாட்சியிடம் முதல் விசாரணையில் வழக்கறிஞர் பொதுவாகக் கேட்க முடியாது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போதுதான் கேட்கலாம். அந்த ஆயுதத்தை மேனேஜரிடம் நீட்டினால் அவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். நேர்க் கேள்வியே நல்லது: "டிட் யூ கெட் மை மெயில்?"

இதற்கு நேர்மாறாக, மிக மென்மையாகக் கேட்கவும் டேக் உதவும். நெகட்டிவாகத் தொடங்கி, டேக்கில் குரலை ஏற்றுங்கள்: "யூ குடன்ட் லென்ட் மீ எ பென், குட் யூ?" இல்லை என்று சொல்ல எதிராளிக்கு வசதியாக ஒரு வழியைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள்.

16. எந்த வரிசையில நடத்துறது? கிளாஸ்ல என்ன விளையாட்டு வைக்கலாம்?

முதலில் காது, கேள்வி 6-இல் சொன்னபடி. அடுத்து இஸ், ஆர், வாஸ். பிறகு கேன், வில், ஹேவ். அதன் பின் டூ, டஸ், டிட். பதில் சொல்லும் பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளாமல் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்த்துவிடுங்கள். 8 முதல் 13 வரை உள்ள விதிவிலக்குகளை ஒரே நாளில் கொட்டினால் எதுவும் நிற்காது, வாரத்துக்கு ஒன்று போதும்.

விளையாட்டு என்றால் எனக்குப் பிடித்தது ஊகிப்பு. பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஐந்து ஊகங்களை எழுதச் சொல்லுங்கள்: இவனுக்குத் தம்பி இருக்கிறான், நேற்று கிரிக்கெட் பார்த்தான், இவனுக்குப் பாகற்காய் பிடிக்காது. பிறகு ஒவ்வொன்றையும் டேக் போட்டுச் சரிபார்க்க வேண்டும். "யூ டோன்ட் லைக் பிட்டர்கார்ட், டூ யூ?" "நோ, ஐ டோன்ட்." ஊகம் நிஜமானது, பதில் நிஜமானது, அதனால் குரல் தானாக ஏறும். அச்சடித்த பயிற்சித்தாளில் இது நடக்காது.

17. மஸ்ட், மே வந்தா என்ன போடணும்?

கட்டாயத்தைச் சொல்லும் மஸ்ட்டுக்கு "மஸன்ட்". ஊகத்தைச் சொன்னால் பின்னால் வரும் வினையைப் பிடிப்பது பரவலான வழக்கம்: "ஹி மஸ்ட் பி டயர்ட், இஸன்ட் ஹி?" மே-க்கு "மேயன்ட்" என்ற வடிவம் பேச்சில் அரிதாகிவிட்டது, ஆங்கிலேயர்களே வாக்கியத்தை வேறு மாதிரி மாற்றிச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். மாணவர்களும் தப்பித்துக்கொள்ளட்டும்.

18. எழுதும்போது எதுக்கெல்லாம் மார்க் குறையும்?

டேக்குக்கு முன் காற்புள்ளி விடுபட்டால், டேக்கின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டால், கடைசியில் கேள்விக்குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி வைத்தால், சுருக்கக் குறியை இடம் மாற்றி வைத்தால். அந்தக் குறி "ஓ" விழுந்த இடத்தில், என்-னுக்கும் டி-க்கும் நடுவில் வர வேண்டும். "டஸன்ட்"டை எழுதும்போது அதை எஸ்-ஸுக்கும் என்-னுக்கும் நடுவில் வைப்பவர்கள்தான் அதிகம்.